ஊருக்குள் மெஷ் வைஃபை: சின்ன ரவுட்டர்களை மேசையில் தயார்செய்து கூரைக்கு ஏற்றும் முழு வழிகாட்டி

மெஷ் என்றால் பல ரவுட்டர்கள் தங்களுக்குள் வயர் இல்லாமல் இணையத்தைக் கைமாற்றும் வலை. அதைப் போட வெளிக்கிட்டுப் பாதியில் விட்டவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான். ரவுட்டரை வாங்கினார்கள், நேரே கூரைக்கு ஏற்றினார்கள், ஏணியில் நின்றபடி செட்டிங்கை மாற்றினார்கள். வேலை செய்யவில்லை. மென்பொருளில் பிழையா, தென்னோலை மறைக்கிறதா, வயரில் வோல்ட் போதாதா என்று கடைசிவரை தெரியவில்லை.

அதனால் இந்த வழிகாட்டியில் படிகளின் ஒழுங்குதான் முக்கியம். ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு சந்தேகம்தான் மிஞ்ச வேண்டும். எடுத்துக்காட்டுக்கு மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு கிராமத்தை வைத்துக்கொள்வோம்: வாசிகசாலையில் இணைய இணைப்பு இருக்கிறது, அதைச் சந்திக் கடைக்கும், அங்கிருந்து ரியூசன் கொட்டிலுக்கும் கொண்டுபோக வேண்டும். ஆக மூன்று ரவுட்டர்கள். பாவிக்கப்போவது ரவுட்டரின் சொந்த மென்பொருளுக்குப் பதிலாக ஏற்றும் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இயங்குதளமும், அதற்குள் ஓடும் பேட்மேன்-அட்வ் என்ற மெஷ் மென்பொருளும்.

1. வாங்குமுன் ஊரை நடந்து பாருங்கள்

வாசிகசாலைக் கூரையில் நின்றால் சந்திக் கடைக் கூரை கண்ணுக்குத் தெரிகிறதா? இதுதான் முதல் கேள்வி. தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. இடையில் ஒரு பனை நின்றால் சமாளிக்கலாம். தென்னந்தோட்டமே நின்றால் சமாளிக்க முடியாது. இலையில் இருக்கும் நீர் வைஃபை அலையை உறிஞ்சும். புரட்டாதியில் நன்றாக ஓடிய இணைப்பு மாரி பிறந்து ஓலை நனைந்ததும் விழுவது அதனால்தான். வெயில் காலத்தில் அளந்து பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். "மட்டுமட்டாக வேலை செய்கிறது" என்றால் ஐப்பசிக்குப் பிறகு வேலை செய்யாது என்றே எடுங்கள்.

தூரத்துக்கு என் கணக்கு இது: சின்ன ரவுட்டரின் சொந்த அன்டெனாவோடு திறந்த வெளியில் நூறு மீற்றர் அளவு நம்பலாம். மரம் நிற்கும் வளவுகளுக்கு ஊடாக என்றால் அதில் பாதி. வாவியைத் தாண்டி எழுவான்கரைக்கு இழுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அது திசை அன்டெனா வைத்துச் செய்ய வேண்டிய வேறு வேலை. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் அலை நேர் அலையோடு மோதும் என்பதால் அங்கே கணக்கும் வேறு. இந்த ரவுட்டர்களை அதற்கு எடுக்க வேண்டாம்.

2. எந்த ரவுட்டர்

பெட்டியில் பெயரைப் பார்த்தால் போதாது. அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். ஒரே பெயரில் வெளிவந்த ரவுட்டரின் முதற்பதிப்புக்கும் ஐந்தாம் பதிப்புக்கும் உள்ளே சிப்பே வேறாக இருக்கலாம். ஓப்பன்டபிள்யூஆர்டியின் ஹார்ட்வேர் அட்டவணையில் அந்தப் பதிப்பையே தேடிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

குறைந்தது 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ரேம். பழைய டிபி-லிங்க் 841 வகைகள் மலிவாகக் கிடைக்கும், கையில் சும்மாவும் கிடக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ரேமும் கொண்டவை. இப்போதைய வெளியீடுகள் அவற்றில் ஏறாது. ஜிஎல்-ஐநெட்டின் 300எம் வரிசை போன்ற சின்னப் பெட்டிகள் 5 வோல்ட்டில் ஓடுவதால் மின்வெட்டு நேரத்தில் பவர் பேங்கிலேயே நிற்கும். நமக்கு அது பெரிய வசதி.

வைஃபை சிப் மெஷ் முறையைத் தாங்க வேண்டும். ஏற்கெனவே ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடும் ரவுட்டர் என்றால், கட்டளைத் திரையில் வைஃபை விவரப் பட்டியலை எடுத்து, ஆதரிக்கும் முறைகளில் 'மெஷ் பாயின்ட்' இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வேறு ரவுட்டர்தான்.

மூன்றையும் ஒரே மாதிரி, ஒரே பதிப்பில் வாங்குவது நல்லது. ஒன்றில் கண்டுபிடித்த தீர்வு மற்ற இரண்டுக்கும் அப்படியே பொருந்தும்.

3. மேசையில் இருக்க வேண்டியவை

ஈதர்நெட் சொக்கெட் உள்ள மடிக்கணினி ஒன்று, நெட்வேர்க் கேபிள் இரண்டு, யுபிஎஸ் ஒன்று, மார்க்கர் பேனை, ஒரு தாள்.

தாளை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரு வேலையும் தொடங்குமுன் அதில் எழுத வேண்டியவை: ஒவ்வொரு ரவுட்டருக்கும் பெயரும் ஐபி முகவரியும், எல்லாவற்றுக்கும் பொதுவான மெஷ் பெயர், மெஷ் கடவுச்சொல், சனல் எண். வாசிகசாலைக்கு 10.44.0.1, கடைக்கு 10.44.0.2, ரியூசனுக்கு 10.44.0.3 என்று வைப்போம். இதே பெயரையும் முகவரியையும் மார்க்கரால் ரவுட்டரின் அடியிலும் எழுதுங்கள். ஒரே நிறத்தில் மூன்று பெட்டிகள் மேசையில் கிடக்கும்போது இதன் அருமை விளங்கும்.

192.168.1 என்று தொடங்கும் முகவரியை ஏன் எடுக்கவில்லை என்றால், இணைய நிறுவனம் தரும் ரவுட்டர்கள் பலவும் அதையே பாவிக்கின்றன. ஓப்பன்டபிள்யூஆர்டியும் முதலில் 192.168.1.1 இல்தான் எழும்பும். இரண்டு பக்கமும் ஒரே முகவரி வரிசை இருந்தால் நம் ரவுட்டருக்கு எந்தப் பக்கம் இணையம் என்று தெரியாது. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

4. மென்பொருளைத் தேவையான பொதிகளோடு எடுங்கள்

வழக்கமான கோப்பை ஏற்றிவிட்டுப் பிறகு ஒவ்வொரு பொதியாக (துணை மென்பொருளாக) சேர்க்கலாம் என்று பலர் நினைப்பார்கள். அதில் ஒரு சிக்கல். மெஷ்ஷுக்குக் கடவுச்சொல் பூட்டுப் போட, ரவுட்டரில் வைஃபை பூட்டைக் கவனிக்கும் அடிப்படை 'டபிள்யூபேட்' பொதியை அகற்றி, மெஷ் தாங்கும் டபிள்யூபேட்டைப் போட வேண்டும். பழையதை அகற்றிவிட்டுப் புதியதை இறக்கும் நேரத்தில் இணையம் போனால் வைஃபை இல்லாத ரவுட்டர்தான் கையில் நிற்கும்.

ஓப்பன்டபிள்யூஆர்டியின் ஃபேர்ம்வேர் செலக்டர் பக்கத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. உங்கள் ரவுட்டரைத் தெரிவுசெய்து, பொதிகளை மாற்றும் பகுதியைத் திறவுங்கள். பட்டியலில் உள்ள டபிள்யூபேட்-பேசிக்-எம்பெட்டிஎல்எஸ் பெயரை அழித்துவிட்டு டபிள்யூபேட்-மெஷ்-எம்பெட்டிஎல்எஸ் என்று எழுதுங்கள். கூடவே கேமோட்-பேட்மேன்-அட்வ், பேட்சிடிஎல்-டிஃபோல்ட், லூசி-புரோட்டோ-பேட்மேன்-அட்வ் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். சில நிமிடத்தில் எல்லாம் உள்ளடங்கிய கோப்பு தயாராகும்.

மூன்று ரவுட்டருக்கும் ஒரே நாளில் ஒரே வெளியீட்டு எண்ணில் எடுங்கள். கோப்பு முழுதாக இறங்கியதா என்று அதன் ஷா-256 எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். இடையில் அறுந்து அறுந்து வரும் டேட்டாவில் இறக்கியிருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

5. ஏற்றுதல்

இரண்டு வகைக் கோப்பு இருக்கும். கடையிலிருந்து வந்தபடி இருக்கும் ரவுட்டருக்கு 'ஃபேக்டரி'. ஏற்கெனவே ஓப்பன்டபிள்யூஆர்டி இருப்பதற்கு 'சிஸ்அப்கிரேட்'. சில மாடல்களுக்கு வழி வேறு. அந்த மாடலின் பக்கத்தை வாசித்துவிட்டே கை வையுங்கள்.

ரவுட்டரையும் மடிக்கணினியையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள். எழுதும் நடுவில் கறன்ட் போனால் ரவுட்டர் எழும்பாது. பல மாடல்களை டிஎஃப்டிபி (கேபிளில் கோப்பை அனுப்பும் ஒரு முறை) வழியாக மீட்கலாம்தான், ஆனால் முதல் நாளே அந்த வேலைக்குப் போக வேண்டாம். வைஃபை வழியாக ஏற்றாதீர்கள், கேபிள்தான். ஓப்பன்டபிள்யூஆர்டி எழும்பியதும் வைஃபை அணைந்திருக்கும். "ரவுட்டர் செத்துப்போச்சு" என்று பதறுபவர்கள் பலர் இந்த இடத்தில்தான் பதறுகிறார்கள்.

கேபிளில் 192.168.1.1 ஐத் திறந்து, முதல் வேலையாக ரூட் கடவுச்சொல்லை வையுங்கள். தொடக்கத்தில் அது வெறுமையாக இருக்கும்.

6. கேட்வேயை முதலில் முடியுங்கள்

வாசிகசாலை ரவுட்டர்தான் கேட்வே, அதாவது மெஷ்ஷுக்கு இணையம் வரும் வாசல். அதை மட்டும் எடுங்கள். மற்ற இரண்டும் மின்சாரம் இல்லாமல் கிடக்கட்டும். மூன்றும் தொடக்கத்தில் ஒரே முகவரியில் எழும்புவதால், ஒன்றாகப் போட்டால் எதற்குள் நுழைந்தீர்கள் என்றே தெரியாது.

ரவுட்டரின் முகவரியில் திறக்கும் செட்டிங் பக்கத்துக்கு லூசி என்று பெயர். அதில் நெட்வேர்க், இன்டர்ஃபேஸ், லேன் (நம் வலையின் உள்பக்கம்) என்று போய் முகவரியை 10.44.0.1 ஆக்குங்கள். சேமித்ததும் பக்கம் தொங்கும். உங்கள் கணினி இன்னும் பழைய முகவரியில் நிற்பதுதான் காரணம். கேபிளைக் கழற்றிச் செருகி, புதிய முகவரியைத் திறவுங்கள். குறித்த நேரத்துக்குள் திறக்காவிட்டால் லூசி தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். "மாற்றினேன், ஆனால் மாறவில்லை" என்ற முறைப்பாட்டுக்குக் காரணம் இதுதான். சரிபார்க்காமல் பொருத்தும் தெரிவும் அதே பொத்தானில் இருக்கிறது.

அடுத்து, இணைய நிறுவனத்தின் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை நம் ரவுட்டரின் வேன் (இணையம் உள்ளே வரும்) துளையில் செருகுங்கள். லேன் துளையில் செருகினால் இரண்டு ரவுட்டர்களும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும். சிலருக்கு நெட் வரும், சிலருக்கு வராது. மடிக்கணினியில் இணையம் திறக்கிறதா என்று இப்போதே பாருங்கள். திறக்காமல் மெஷ்ஷுக்குப் போக வேண்டாம்.

7. மெஷ் இணைப்பைக் கட்டுதல்

இதற்குள் நான்கு வேலை. ஒழுங்கை மாற்றாதீர்கள், ஏனென்றால் ஒவ்வொன்றும் முந்தியதன் பெயரைக் கேட்கும்.

முதலில் புதிய இன்டர்ஃபேஸ் ஒன்று: பெயர் பேட்0, வகை 'பேட்மேன் டிவைஸ்'. ரூட்டிங் முறையைத் தொட வேண்டாம். நான்காம் பதிப்பு முறையும் ஐந்தாம் பதிப்பு முறையும் ஒன்றோடொன்று பேசாது. எல்லா ரவுட்டரிலும் இருந்தபடியே இருக்கட்டும்.

இரண்டாவது இன்டர்ஃபேஸ்: பெயர் மெஷ், வகை 'பேட்மேன் இன்டர்ஃபேஸ்', அது சேர வேண்டிய இடம் பேட்0.

மூன்றாவது, வயர்லெஸ் பக்கம். நாட்டை இலங்கை என்று தெரிவுசெய்யுங்கள். சனலை 'ஆட்டோ'வில் விடவே கூடாது. ஒவ்வொரு ரவுட்டரும் தன் பாட்டில் ஒவ்வொரு சனலுக்குப் போனால் ஒன்றையொன்று காணாது. 2.4 கிகாஹேர்ட்ஸில் 1, 6, 11 மூன்றில் ஊரில் குறைவாக இருப்பதை எடுத்து, அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸில் வையுங்கள். 5 கிகாஹேர்ட்ஸ் என்றால் 36 முதல் 48 வரை. அதற்கு மேலே ராடாருக்கு வழிவிட வேண்டிய சனல்கள் தொடங்குகின்றன, ரவுட்டர் திடீரென்று இடம் மாறும். அப்புறம் புதிய வைஃபை ஒன்றைச் சேர்த்து, முறையை 802.11 எஸ் என்று வைத்து, தாளில் எழுதிய மெஷ் பெயரைக் கொடுத்து, நெட்வேர்க் என்ற இடத்தில் 'மெஷ்'ஷை மட்டும் தெரிவுசெய்யுங்கள். லேனைத் தொடாதீர்கள். பாதுகாப்பு டபிள்யூபிஏ3-எஸ்ஏஇ, கடவுச்சொல் தாளில் எழுதிய மெஷ் கடவுச்சொல்.

அதே பக்கத்தில் மெஷ் அயலவரின் தரவைக் கடத்தும் தெரிவு ஒன்று இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். வழி கண்டுபிடிப்பது பேட்மேனின் வேலை. வைஃபையும் தன் பங்குக்கு வழி தேடினால் ஒரு வண்டிக்கு இரண்டு சாரதி மாதிரித்தான்.

நான்காவது, டிவைஸ் பட்டியலில், லேன் துளைகளை ஒன்றாக இணைக்கும் பிஆர்-லேன் பாலத்தைத் திறந்து அதன் துளைகளோடு பேட்0 ஐச் சேருங்கள். இதை மறந்தால் ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும், பாவிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது.

இன்னொன்று: பேட்மேன் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மேலே 32 பைட் வரை தன் தலைப்பைச் சேர்க்கும். மெஷ் வைஃபை டிவைஸின் எம்டியுவை (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவை) 1536 என்று வையுங்கள். 1500 இல் விட்டால் நின்றுபோகாது, ஆனால் பொட்டலங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பதால் வேகம் குறையும்.

8. மற்ற இரண்டும்

ஏழாம் படியை அப்படியே செய்யுங்கள். வித்தியாசம் லேனில்தான். முகவரி 10.44.0.2 அல்லது 10.44.0.3, கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் (தளப் பெயருக்கு முகவரி தேடித் தருவது) 10.44.0.1. டிஎச்சிபி சேவையை முழுதாக அணையுங்கள். முகவரி கொடுப்பவர் ஊருக்கு ஒருவர்தான். ஐபிவி6 பகுதியில் உள்ள ஆர்ஏ, டிஎச்சிபிவி6 இரண்டையும் சேர்த்து அணையுங்கள். பலர் விடுவது இந்த இரண்டும்தான், விளைவாகப் போன் தப்பான வாசலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

ஒரே மாடல் என்றால் முதல் ரவுட்டரின் பேக்கப் கோப்பை எடுத்து மற்றதில் ஏற்றிவிட்டு முகவரி, பெயர், டிஎச்சிபி மூன்றையும் மாற்றலாம். வேறு மாடலுக்கு ஒருபோதும் ஏற்ற வேண்டாம். வைஃபை சிப்பின் விவரம் பொருந்தாது.

9. மேசைச் சோதனை

மூன்றையும் இரண்டு மீற்றர் இடைவெளியில் வைத்து இயக்குங்கள். இப்போது கேபிள்களால் ஒன்றோடொன்று இணைக்காதீர்கள். மெஷ்ஷும் கேபிளும் சேர்ந்து வளையம் போட்டால் தரவு சுற்றிச்சுற்றி எல்லாவற்றையும் முடக்கலாம்.

எஸ்எஸ்எச்சில் (கணினியிலிருந்து ரவுட்டரின் கட்டளைத் திரைக்குள் போகும் வழி) நுழைந்து பேட்சிடிஎல் கட்டளையோடு 'என்' எழுத்தைச் சேர்த்து அடித்தால் அயலவர் பட்டியல் வரும். இரண்டு ரவுட்டர் தெரிய வேண்டும். கடைசியாகக் கண்ட நேரம் ஒரு நொடியை ஒட்டியே இருக்க வேண்டும். 'ஓ' எழுத்தைச் சேர்த்தால் இணைப்பின் தரம் 255 க்கு எவ்வளவு என்று காட்டும். மேசையில் 240 க்குக் கீழே நின்றால் ஏதோ பிழை.

பிறகு மூன்றிலும் பாவனையாளர் வைஃபையைச் சேருங்கள்: ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், நெட்வேர்க் லேன். மெஷ் கடவுச்சொல் இதற்கு வேண்டாம். கேட்வேயிலிருந்து தூரத்து ரவுட்டரில் போனை இணைத்து ஒரு காணொளியை ஓட விடுங்கள். ஓர் இரவு முழுக்க அப்படியே ஓடட்டும். காலையில் மூன்றின் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டுத் திரும்பப் போடுங்கள். யாரும் கை வைக்காமல் எல்லாம் திரும்பி வர வேண்டும். மின்வெட்டு உள்ள ஊரில் இந்தச் சோதனையில் தேறாததைக் கூரைக்கு ஏற்றக் கூடாது.

10. வளவில் நடந்து பாருங்கள்

ரியூசனுக்குரிய ரவுட்டரைப் பவர் பேங்கில் போட்டு, கையில் தூக்கிக்கொண்டு கடையை நோக்கி நடங்கள். ஒரு பொடியன் வாசிகசாலையில் இருந்து தர எண்ணைச் சொல்லட்டும். என் அளவில் 200 க்கு மேல் நல்லது. 150 இல் மாரிக்குப் பயம். 100 க்குக் கீழே வேறு இடம் தேடுங்கள். தகரக் கூரைக்கு அடியிலும், தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னாலும் எண் சட்டென்று விழுவதைக் கண்ணால் காண்பீர்கள். ஒரு மீற்றர் தள்ளி நின்றாலே சில வேளை சரியாகும்.

ஒற்றை ரேடியோ உள்ள ரவுட்டரில் ஒவ்வொரு தாவலுக்கும் (ஒரு ரவுட்டரிலிருந்து அடுத்ததற்குப் போவதற்கும்) வேகம் ஏறத்தாழப் பாதியாகும், கேட்பதும் சொல்வதும் ஒரே சனலில் என்பதால். இரண்டு தாவலோடு நிறுத்துவது என் வழக்கம். மூன்றாவது வேண்டுமென்றால் நடுவில் இரட்டை ரேடியோ ரவுட்டர் போடுங்கள்.

11. கூரை

மின்சாரத்தில் இருந்து தொடங்குங்கள். 5 வோல்ட்டை நெட்வேர்க் கேபிளின் உதிரி வயர்களில் கூரைக்கு அனுப்புவது பலர் செய்யும் வேலை. 20 மீற்றர் கேபிளில் இரண்டு சோடி வயரில் ஓர் அம்பியர் ஓடினால் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். ரவுட்டர் விளக்கு எரியும், ஆனால் ஆள் கூடியதும் தானாக அணைந்து எழும்பும். அடாப்டரை ரவுட்டருக்குப் பக்கத்தில் வையுங்கள், அல்லது 12 வோல்ட்டை அனுப்பி மேலே இறக்குங்கள்.

பெட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். உலோகப் பெட்டிக்குள் அன்டெனாவை வைத்தால் பயனில்லை. வயர்த் துளை அடிப்பக்கம். வயர் பெட்டிக்குள் ஏறுமுன் கீழே ஒரு வளைவு விடுங்கள், மழைத்தண்ணீர் வழிந்து அங்கே சொட்டும். துளையைச் சிலிக்கனால் அடையுங்கள். இல்லாவிட்டால் எறும்பு குடிவந்துவிடும், பின்னால் பல்லி வரும். கல்லடி, தாழங்குடாப் பக்கம் என்றால் உப்புக்காற்று செம்புத் துளைகளைப் பச்சையாக்கும். செருகிய இடங்களில் கிறீஸ் பூசுங்கள்.

எல்லா அன்டெனாவும் செங்குத்தாக. ஒன்று நின்று ஒன்று படுத்தால் சிக்னல் பாதியைவிடக் குறையும். மின்னல் காலத்தில் கூரையில் இருந்து வரும் கேபிளைக் கழற்றிவைக்க ஒருவரை இப்போதே பொறுப்பாக்குங்கள். வீட்டுக்கு வீடு கேபிள் இழுக்காதீர்கள்.

12. ஊருக்குத் திறக்குமுன்

இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பாளி. அயலாரோடு பகிர நிறுவனத்தின் நிபந்தனை இடம்தருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். காசுக்கு விற்கும் எண்ணம் இருந்தால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முதலில் பேசுங்கள். வெளிநாட்டிலிருந்து ரவுட்டர் வரவழைப்பதற்கும் அங்கேதான் கேட்க வேண்டும்.

ஒரு போன் இன்னொரு போனைப் பார்க்காமல் இருக்க, வைஃபை பக்கத்தில் உள்ள தனிமைப்படுத்தலை மட்டும் போட்டால் அந்த ஒரு ரவுட்டருக்குள்தான் அது செல்லும். பேட்மேன் டிவைஸிலும் அதே பெயரில் உள்ளதைப் போட வேண்டும்.

13. வேலை செய்யாவிட்டால் எங்கே பார்ப்பது

கீழிருந்து மேலே போங்கள். லூசியின் வயர்லெஸ் பக்கத்தில் இணைந்தவர் பட்டியல் வெறுமையா? சனல், மெஷ் பெயர், கடவுச்சொல், நாடு இவற்றில் ஒன்று வேறாக இருக்கிறது, அல்லது அடிப்படை டபிள்யூபேட்டே இன்னும் உள்ளே இருக்கிறது.

அங்கே தெரிகிறது, பேட்சிடிஎல் பட்டியலில் தெரியவில்லை என்றால், வைஃபை 'மெஷ்' இன்டர்ஃபேஸில் சேரவில்லை. பேட்சிடிஎல்லிலும் தெரிகிறது, ஆனால் போனுக்கு முகவரி கிடைக்கவில்லை என்றால் பாலத்தில் பேட்0 இல்லை. முகவரி 192.168.1 என்று வருகிறதா? யாரோ நிறுவனத்தின் கேபிளை லேன் துளையில் செருகியிருக்கிறார்கள், அல்லது ரீசெட் செய்த பழைய ரவுட்டர் ஒன்று எங்கோ உயிரோடு இருக்கிறது.

முகவரி 10.44 இல் சரியாக வந்தும் ஒன்றும் திறக்கவில்லை என்றால் போனிலிருந்து 10.44.0.1 ஐத் திறந்து பாருங்கள். லூசிப் பக்கம் வந்தால் மெஷ்ஷில் குறை இல்லை; வாசிகசாலைக்குப் போய் நிறுவனத்தின் ரவுட்டரைப் பாருங்கள். கூரைக்கு ஏற வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.